மலைக்குளிரில் நீராமைத் தொட்டி: 24 வாட் டி5 யுவிபி டியூப் பற்றிய மதிப்பீடு

குன்னூரில் எங்கள் கூடத்தில் உள்ள மூன்றடித் தொட்டிக்காக வாங்கிய 24 வாட் டி5 யுவிபி டியூப்பைப் பற்றியது இந்த மதிப்பீடு. டி5 என்பது மெல்லிய டியூப்லைட் வகை; யுவிபி என்பது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரின் ஒரு பகுதி. டியூப் ஆர்கேடியா நிறுவனத்தின் 6 விழுக்காட்டு வகை. அதைத் தாங்கும் ஃபிட்டிங்கும் பளபளப்பான அலுமினிய ரிஃப்ளெக்டரும் தனியாக வாங்கப்பட்டவை. தொட்டியில் இருப்பது உள்ளங்கை அளவைத் தாண்டி வளர்ந்துவிட்ட ஒரு செங்காது ஆமை (ரெட் இயர்டு ஸ்லைடர்). முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விளக்கு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, கொடுத்த விலைக்கும் தகும். ஆனால் கோவையிலோ மதுரையிலோ இருப்பவர் இதை வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பதைப்போல நீலகிரியில் இருப்பவர் இருந்துவிட முடியாது. இங்கே யுவிபி விளக்கின் பயன், அதன் பக்கத்தில் எரியும் சூடு தரும் பல்பைப் பொறுத்தே அமைகிறது. விளம்பரங்களும் அட்டைப்பெட்டிகளும் இதைச் சொல்வதில்லை.

நீராமைக்கு யுவிபி எதற்கு என்பது வாங்குவோருக்கு ஓரளவு தெரிந்ததே. ஆமையின் தோலில் உள்ள 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால் என்னும் பொருள், 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் படும்போது வைட்டமின் டி3யின் முன்வடிவமாக மாறுகிறது. டி3 போதாவிட்டால் உண்ட சுண்ணாம்புச் சத்து உடலில் சேராது. ஓடு மெத்தென்று இளகும், அதன் விளிம்பு வளையும், கால்கள் கோணும். குறைவாகப் பேசப்படுவது இந்த வேதியியலின் இரண்டாம் பாதிதான். அந்த முன்வடிவம் டி3யாக மாறுவதற்கு வெளிச்சம் வேண்டியதில்லை, உடற்சூடு வேண்டும். ஆமைக்குச் சொந்தச் சூடு கிடையாது. வெயில் காயும் மேடை 32 டிகிரியில் இருந்தால் அதன் உடலும் அதை நெருங்கும், அறையின் 14 டிகிரியில் கிடந்தால் உடலும் 14 டிகிரிதான். ஆகவே மார்கழி மாதத்து மலைவீட்டில் யுவிபி விளக்கின் கீழ் விறைத்துக் கிடக்கும் ஆமை, கதிரைப் பெற்றாலும் அதன் பயனை மிக மெதுவாகவே பெறுகிறது. இன்னும் எளிய காரணம் ஒன்றும் உண்டு: சூடில்லாத மேடைக்கு ஆமை ஏறியே வராது.

நம் ஊர் வெயில்தான் இவ்வளவு சுரீரென்று அடிக்கிறதே, தொட்டியை ஜன்னலோரம் வைத்தால் போதாதா என்று இங்கே பலர் கேட்கிறார்கள். வெயிலைப் பற்றி அவர்கள் சொல்வது சரி. கடல்மட்டத்திலிருந்து மேலேறும் ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டரிலும் உதகை 2,240 மீட்டரிலும் இருக்கின்றன. மேகமில்லாத மார்ச், ஏப்ரல் நண்பகலில் இங்கே புற ஊதாக் குறியீடு, உலக நலவாழ்வு அமைப்பு மிக உச்சம் என வகுத்துள்ள 11 என்ற எண்ணை எட்டித் தாண்டும். ஜன்னலைப் பற்றி அவர்கள் நினைப்பதுதான் தவறு. சாதாரண ஜன்னல் கண்ணாடி யுவிபியை ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடுகிறது. புற ஊதாக் குறியீட்டை அளக்கும் சோலார்மீட்டர் 6.5 கருவியை இரவல் வாங்கி முற்றத்தில் பிடித்தபோது எண் மளமளவென்று ஏறியது. அதே வெயிலில் ஜன்னலுக்கு உட்புறம் பிடித்தபோது பூஜ்யத்தை விட்டு நகரவே இல்லை. அதோடு, கண்ணாடித் தொட்டியை நேர் வெயிலில் வைத்தால் மலையூரிலும் தண்ணீர் ஆபத்தான அளவுக்குச் சூடேறும்.  ஜூன் முதல் டிசம்பர் வரை மாறி மாறி இறங்கும் மூடுபனியையும் மழையையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

விளக்கு வாங்கப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது எதை வாங்கக் கூடாது என்பதை. மீன்தொட்டிக் கடையில் ‘யுவி லைட்’ என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது பச்சைத் தண்ணீரைத் தெளியவைக்கும் கிருமிநாசினி விளக்கு. அது 254 நானோமீட்டர் அலைநீளத்தில் யுவிசி என்னும் வேறு வகைப் புற ஊதாக் கதிரை உமிழ்வது. ஃபில்டரின் மூடிய கூட்டுக்குள் இருக்கும்வரை அதனால் தொல்லையில்லை. வெறுமனே தொட்டியின்மேல் தொங்கவிட்டால் ஆமையின் கண்ணும் தோலும் புண்ணாகும். அறையில் இருப்பவர்களின் கண்ணும் தப்பாது. நான் கேட்ட கடையிலும் இதைத்தான் எடுத்து வைத்து, ஆமைக்கு நல்லது என்றார்கள். விற்பவருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பது வருத்தம். அதைவிட, பெட்டியில் யுவிசி என்று தெளிவாக அச்சிட்டிருந்ததை யாரும் படிக்கவில்லை என்பது வியப்பு.

அடுத்த ஏமாற்று, ‘யுவிஏ + யுவிபி’ என்று எழுதி மலிவாக இணையத்தில் விற்கப்படும் சிறிய ஹாலஜன் பல்பு. ஹாலஜன் பல்பு நல்ல சூட்டையும் வெளிச்சத்தையும் தரும்; ஆமைக்குப் பயன்படும் அளவுக்கு யுவிபி தராது. பெயரற்ற நிறுவனம் ஒன்றின் அத்தகைய பல்பை ஒரு சாண் தூரத்தில் மீட்டரால் அளந்தபோது எண் அசையவில்லை. ஊதா நிறத்தில் ஒளிரும் பல எல்இடி விளக்குகளின் கதையும் இதுதான். யுவிபி கண்ணுக்குத் தெரியாத கதிர். ஊதா நிறமாகத் தெரிவது வெறும் ஊதா நிறம். புற ஊதா பட்டால் நிறம் மாறும் அட்டைகளையும் நம்ப வேண்டாம், அவற்றில் பெரும்பாலானவை யுவிபியைவிட நீண்ட அலைநீளமுள்ள யுவிஏ கதிருக்கே நிறம் மாறிவிடுகின்றன. சுருள் வடிவ சிஎஃப்எல் யுவிபி பல்புகள் போலியல்ல. ஆனால் அவற்றின் கதிர் விழும் வட்டம் சிறியது. ஆமை மேடையில் சற்று நகர்ந்து படுத்தாலே அளவு பாதியாகிவிடும். தலையிலிருந்து வால்வரை ஒரே சீராகக் கதிர் விழ வேண்டுமென்றால் நீளமான டியூப்தான் பொருத்தம்.

இனி நான் வாங்கிய டியூப். ஆர்கேடியா தன் டியூப்களை 6, 12 என விழுக்காட்டில் குறிக்கிறது, ஜூ மெட் நிறுவனம் 5.0, 10.0 என எண்ணால் குறிக்கிறது. ஒரு நிறுவனத்தின் எண்ணை மற்றதன் எண்ணோடு அப்படியே ஒப்பிட முடியாது; அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஆமையின் ஓட்டில் எவ்வளவு கதிர் விழும் என்று சொல்லவும் முடியாது. அதற்கு டியூப்பின் வகை, ரிஃப்ளெக்டர், இடையில் வலை உண்டா இல்லையா, எல்லாவற்றுக்கும் மேலாகத் தூரம் ஆகியவை தெரிய வேண்டும். 2010ல் கேரி ஃபெர்குசனும் உடன் ஆய்வாளர்களும் ஊர்வன இயற்கையில் பெறும் கதிரை அளந்து அவற்றை நான்கு மண்டலங்களாகப் பகுத்தார்கள். செங்காது ஆமையை வழக்கமாக மூன்றாம் மண்டலத்தில் வைக்கிறார்கள். மேடையில் படுத்திருக்கும் ஆமையின் ஓட்டு மட்டத்தில் புற ஊதாக் குறியீடு 3 முதல் 4 வரை இருப்பது வளர்ப்பவர்கள் பொதுவாகக் கொள்ளும் இலக்கு. எங்கள் டியூப், ரிஃப்ளெக்டருடன், 30 சென்டிமீட்டர் தூரத்தில் 3ஐ ஒட்டிக் காட்டியது. இடையில் கம்பிவலை ஒன்றைப் பிடித்தபோது 2ஐ ஒட்டி இறங்கியது. 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுபோனபோது 6ஐத் தாண்டியது. அங்கே ஆமையைக் காயவைப்பது நல்லதல்ல. ஆக, இரண்டு விரற்கடைத் தூரம்கூட இங்கே பொருட்டுதான், அதிலும் ஆமை வளர வளர ஓடு விளக்கை நெருங்கும் என்பதை மறக்கக் கூடாது. மேடையின் உயரத்தை அளக்காமல், படுத்திருக்கும் ஆமையின் முதுகிலிருந்து டியூப்வரை அளக்க வேண்டும்.

விளக்கு நேர் மேலே இருக்க வேண்டும், பக்கவாட்டில் கூடாது. உச்சி வெயிலிலிருந்து கண்ணைக் காக்க ஆமையின் புருவ மேடு இருக்கிறது. பக்கத்திலிருந்து வரும் கதிருக்கு அது மறைப்பாகாது. தொட்டியின் ஒரு பாதிக்காவது கதிர் படாமல் விட வேண்டும். எப்போது காய்வது, எப்போது ஒதுங்குவது என்பதை ஆமையே முடிவு செய்யும்.

ஃபிட்டிங் விஷயத்தில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில்தான் பலருடைய பணம் வீணாகிறது. 24 வாட் டி5 ஹெச்ஓ (ஹை அவுட்புட், அதாவது கூடுதல் ஒளி தரும்) டியூப்பின் நீளம் 549 மில்லிமீட்டர். வீட்டு வெளிச்சத்துக்கான 14 வாட் டி5 டியூப்பின் நீளமும் அதேதான், முனையிலுள்ள ஊசிகளும் அதே அளவு. எனவே எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 14 வாட் ஃபிட்டிங்கில் யுவிபி டியூப் கச்சிதமாகப் பொருந்தும், எரியவும் செய்யலாம். ஆனால் அந்த ஃபிட்டிங்கின் சோக் தருவது ஏறத்தாழ 170 மில்லி ஆம்பியர். இந்த டியூப்புக்குத் தேவை 300 மில்லி ஆம்பியர். விளக்கு எரிகிறது என்ற திருப்தி மட்டுமே நமக்குக் கிடைக்கும், கதிர் குறையும், டியூப்பின் முனைகள் சீக்கிரம் கருத்துப்போகும். இப்போது டி5 என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் எல்இடி பட்டிகள் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. அவற்றில் சோக்கே கிடையாது. ‘24 வாட் டி5 ஹெச்ஓ சோக்’ என்று எழுதிக்கொண்டு போய்க் கேட்பதே வழி. மலைக்கு மேலே கிடைக்காவிட்டால் கோவையில், நீர்த்தாவரத் தொட்டிகளுக்கு விளக்கு விற்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். டியூப்பைக் கூரியரில் வரவழைப்பவர்கள், மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளை மனத்தில் வைத்து, பிவிசி குழாய்க்குள் வைத்து அனுப்பச் சொல்வது நலம்.

இந்த விளக்கின் உண்மையான பலவீனம் குளிர். டி5 டியூப்கள் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரியை ஒட்டி இருக்கும்போது முழு வெளிச்சம் தரும்படி வடிவமைக்கப்பட்டவை. டியூப்புக்குள் இருக்கும் பாதரச ஆவியின் அழுத்தம் குளிரில் குறைவதால் வெளிச்சமும் அதோடு யுவிபியும் குறைகின்றன. டிசம்பர் காலையில், கூடத்தில் நாமே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, விளக்கைப் போட்டவுடன் மீட்டர் காட்டிய எண் பகல் அளவைவிடத் தெளிவாகவே குறைவு. பக்கத்தில் சூடு தரும் பல்பு எரிந்து, ரிஃப்ளெக்டரின் கூட்டுக்குள் வெதுவெதுப்பு சேர்ந்த பிறகே எண் ஏறியது. தயாரிப்பாளர்களின் அட்டவணைகள் நன்கு சூடாக்கப்பட்ட அறைகளை மனத்தில் கொண்டவை. இங்குள்ளவர்கள் யுவிபி விளக்கை ஏற்றுவதற்கு அரை மணி நேரம் முன்பே சூட்டு பல்பை ஏற்றிவிட வேண்டும் என்பது என் துணிபு. விடியற்காலையில் சூடு வருமுன்பே கதிர் மட்டும் விழுந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

சூட்டுக்கு நான் பயன்படுத்துவது பீங்கான் ஹோல்டரில் மாட்டிய ஹாலஜன் பல்பு. குண்டு பல்பு கிடைத்தால் அதுவும் போதும். பிளாஸ்டிக் ஹோல்டர் மட்டும் வேண்டவே வேண்டாம், நாள்பட்ட சூட்டில் அது உருகும். சூட்டையும் யுவிபியையும் ஒரே பல்பில் தரும் மெர்குரி வேப்பர் பல்புகளும் உண்டு. தாளில் படிக்கும்போது மலைக்கு ஏற்றவை அவைதான் என்று தோன்றும். ஆனால் அந்த பல்பு ஒருமுறை அணைந்தால் முற்றிலும் ஆறிய பிறகே மீண்டும் எரியும். காற்றடித்து மரக்கிளை கம்பியில் விழும் நாட்களில் மின்சாரம் நிமிடத்துக்கொரு முறை போய் வருகிற ஊரில் அது ஆயுளை முடித்துக்கொள்ள அதிக காலம் ஆகாது. எங்கள் மின்சாரத்தை நம்பி அவ்வளவு விலையுள்ள பல்பை வாங்க எனக்குத் துணிவில்லை.

தண்ணீரின் சூடு தனிக் கணக்கு. செங்காது ஆமைக்கு 24 முதல் 28 டிகிரி வரை தேவை. ஒரு லிட்டருக்கு ஒரு வாட் என்று ஹீட்டரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் சமவெளிக்குரியது. குன்னூரில் அது போதாமல் போகும், உதகைப் பக்கம் ஏறக்குறைய இருமடங்கு வேண்டும். ஒரே பெரிய ஹீட்டருக்குப் பதில் இரண்டு சிறியவற்றை வைத்தால் ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும். ஆமை மோதி உடைக்காதபடி பிளாஸ்டிக் கூடு போட்டது வேண்டும். தண்ணீரை மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சூடு போகாமல் இருக்கத் தொட்டியைக் கண்ணாடியால் மூடினால் யுவிபி தடைபடுகிறது, திறந்து வைத்தால் சில்லென்ற காற்று இறங்குகிறது. நான் கண்ட வழி, தண்ணீர்ப் பகுதியை மட்டும் கண்ணாடித் தகட்டால் மூடி, மேடைக்கு மேலே டியூப்பின் நீளத்துக்கு எதையும் வைக்காமல் விடுவது. தகட்டின் கீழ் ஆவி சேர்ந்து நீர்மேல் உள்ள காற்றும் கதகதப்பாகிறது.

பாதுகாப்பு என்பதில் கதிரைவிட மின்சாரமே இங்கே பெரிய கவலை. இங்குள்ள பழைய பங்களாக்களிலும் எஸ்டேட் லைன் வீடுகளிலும் எர்த் இல்லாத இரண்டு ஊசி பிளக்குகள் இன்னும் இருக்கின்றன. தண்ணீருக்கு மேலே அலுமினிய ரிஃப்ளெக்டரைத் தொங்கவிட்டு, தண்ணீருக்குள் ஹீட்டரையும் போட்டுவிட்டு, எர்த் இல்லாமல் இருப்பது விளையாட்டல்ல. மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்திய பிறகே நான் விளக்கை மாட்டினேன். வீட்டில்தான் எம்சிபி இருக்கிறதே என்பார்கள். எம்சிபி மிகையான மின்னோட்டத்துக்கே விழும், ஈரக் கையின் வழியாகக் கசியும் சிறு மின்சாரத்தை அது கண்டுகொள்ளாது. விளக்கின் வயர் சுவரிலுள்ள பிளக்குக்கு நேராகப் போகாமல், ஒருமுறை பிளக்குக்குக் கீழே தொய்ந்து பிறகு மேலேறட்டும். வயரில் வழியும் தண்ணீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் வைக்கக் கூடாது. விளக்கைத் தொட்டியின் விளிம்பில் கிளிப் போட்டு நிறுத்துவதையும் நான் ஏற்கவில்லை. விட்டத்திலோ சுவரிலோ ஆணியடித்து, இரண்டு சங்கிலிகளில் தொங்கவிட வேண்டும். ஒன்று நழுவினாலும் மற்றது தாங்கி விளக்கு தண்ணீரில் விழாமல் இருக்க வேண்டும். ஆமை தண்ணீரை வாரியடிக்கும் பிராணி. சுடும் பல்பில் குளிர்ந்த துளி பட்டால் கண்ணாடி வெடிக்கும் என்பதால் சூட்டு பல்பைக் கம்பிக் கூடையோடு உள்ள டோமில் (கவிழ்த்த கிண்ணம் போன்ற விளக்குக் கூட்டில்) வைத்திருக்கிறேன்.

விளக்குகளை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடுகிறேன். டைமர் வாங்குகிறவர்கள் பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரையே வாங்க வேண்டும். சுழலும் வகை டைமர் மின்தடையின்போது நின்றுவிடும். மின்சாரம் மூன்று மணி நேரம் கழித்து வந்தால் விளக்கும் மூன்று மணி நேரம் பிந்தி, ஆமை நள்ளிரவில் வெயில் காய வேண்டியதுதான். நீண்ட மின்தடையின்போது யுவிபியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை; சில நாள் கதிர் இல்லாமல் ஆமைக்கு ஒன்றும் ஆகிவிடாது. சூடு போவதுதான் சிக்கல். தொட்டியைக் கம்பளியால் சுற்றிவிட்டு, தண்ணீர் மீண்டும் சூடாகும்வரை தீனி போடாமல் இருக்க வேண்டும், ஏனெனில் குளிர்ந்த உடலில் செரிமானம் நடக்காது. இன்வெர்ட்டரில் 24 வாட் டியூப்பை எளிதாக ஓட்டலாம். ஹீட்டரை ஓட்டப் பார்த்தால் பேட்டரி சீக்கிரமே கைவிரித்துவிடும்.

விளக்கு வந்த பிறகு ஆமையிடம் தெரிந்த மாற்றம், அது மேடையில் கால்களை நீட்டிப் படுத்துக் காய்வதுதான். முன்பு வெறும் சூட்டு பல்பின் கீழும் காய்ந்தது. இப்போது அதிக நேரம் இருக்கிறது, புதிதாக வளரும் ஓட்டுத் தகடுகள் சமமாகவும் கெட்டியாகவும் இருக்கின்றன. இதை முழுவதும் விளக்கின் கணக்கிலேயே எழுத மாட்டேன். தொட்டியில் எப்போதும் ஒரு துண்டு கணவாய் ஓடு மிதக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் தருவார்கள். சுண்ணாம்புச் சத்தே தராமல் யுவிபி மட்டும் தந்தால் அரிசியில்லாமல் அடுப்பு மூட்டியது போலத்தான். வறண்ட மாதங்களில், வெயில் இதமாக இருக்கும் முற்பகலில், பாதிக்கு நிழல் போட்ட அகன்ற டப்பில் முற்றத்தில் விடுகிறேன். எந்த விளக்கும் அதற்கு ஈடாகாது. மேலே கம்பிவலை கட்டாயம். காக்கையும் குரங்கும் மட்டுமல்ல, குன்னூரில் முற்றத்துக்குக் காட்டெருமையே வந்து போகிறது என்பதால் ஆளும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இவ்வளவும் செங்காது ஆமைக்காகச் சொன்னவை. நம் நாட்டு ஆமைகளைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவற்றுக்கு விளக்கு வாங்கும் கேள்வியே எழக் கூடாது. செங்காது ஆமையை வளர்க்க முடியாமல் போகிறவர்கள் ஏரியில் விட்டுவிட நினைப்பதும் உண்டு; அதுவும் தவறு. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களுள் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டிருக்கும் உயிர் அது.

விலையைப் பொறுத்தவரை, இந்த டியூப்பும் சரியான ஃபிட்டிங்கும் சேர்ந்தால் தொட்டியின் விலையை எட்டிவிடும். அதோடு முடிவதுமில்லை: டி5 டியூப்பை ஆண்டுக்கொரு முறை மாற்றச் சொல்கிறது நிறுவனம். மீட்டர் வைத்திருப்பவர்கள் அளந்து பார்த்து இன்னும் சில மாதம் ஓட்டலாம். இல்லாதவர்கள் வாங்கிய தேதியை டியூப்பின் முனையில் எழுதி வைத்து, அதன்படி மாற்றுவதே முறை. உதகையில் குளிர் அதிகம் என்பதால் 12 விழுக்காட்டு டியூப் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், 30 சென்டிமீட்டர் தூரத்தில் மாட்ட இடமிருக்கும்வரை வேண்டாம் என்பதே. உயரமான தொட்டியில் 40, 45 சென்டிமீட்டருக்குக் கீழே கொண்டுவர முடியாதவர்களுக்கு மட்டும் அது தேவைப்படலாம். மாற்றிய பழைய டியூப் நன்றாகத்தான் எரிகிறதே என்று சமையலறையில் மாட்டக் கூடாது; ஆமைக்குப் போதாத அளவென்றாலும் அதிலிருந்து இன்னும் யுவிபி வந்துகொண்டுதான் இருக்கும். உள்ளே பாதரசம் இருப்பதால் குப்பையில் உடைத்துப் போடவும் கூடாது. தவறி உடைந்தால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, சற்று நேரம் அறையை விட்டு வெளியேறி, பிறகு துடைப்பத்தால் பெருக்காமல் கெட்டி அட்டையால் வழித்தெடுத்து, ஈரத்தாளால் துடைத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு வைக்க வேண்டும்.